டேப்பட் கவர் கேஸ்கெட்: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: பழைய மாருதி 800 காரில், இன்ஜின் மேல்பக்கம் ஆயில் கசிகிறது. கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: கசிவு டேப்பட் கவரின் விளிம்பில் என்றால் முடியும். 796 சிசி இன்ஜினின் உச்சியில் இருக்கும் அந்த மூடிக்கு அடியில் இருப்பது ரப்பர் கேஸ்கெட். வருடக்கணக்கில் சூடுபட்டு இறுகியது, விரலால் வளைத்தாலே முறியும். ஹெட் கேஸ்கெட் சங்கதி வேறு. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போனாலோ, ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறினாலோ அது மெக்கானிக்கின் வேலை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஏர் ஃபில்டரையும் குறுக்கே வரும் குழாய்களையும் விலக்கி, போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கலாம். ஒட்டியிருக்கும் பழைய ரப்பரை ஸ்குரூடிரைவரால் சுரண்டக் கூடாது. ஹெட் அலுமினியம், கீறல் விழுந்தால் புது கேஸ்கெட்டும் கசியும். பிளாஸ்டிக் சுரண்டியும் சுத்தமான துணியும் போதும். துணுக்கு எதுவும் உள்ளே விழக் கூடாது.

புதியதைப் பிசகாமல் பொருத்தி, போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, மாறி மாறி முடுக்க வேண்டும். பலரும் காரியத்தைக் கெடுப்பது இங்கேதான்: பலம் காட்டினால் ரப்பர் பிதுங்கிவிடும். பிறகு இன்ஜினை 10 நிமிடம் ஓடவிட்டு, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் கசிவு நின்றதா என்று தெரிந்துவிடும்.