முதலில் எதைச் செய்வது? யார் செய்வது?
கராச்சி ஒரங்கி மக்கள் தரும் பாடம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் புதிய இடமொன்றில் குடியமர்ந்ததும் கூட்டம் கூடுகின்றன. வீதி வேண்டும், பாடசாலை வேண்டும், கிணறு வேண்டும், மலசலகூடம் வேண்டும், சனசமூக நிலையம் வேண்டும் என்று பட்டியல் நீளுகின்றது. இவற்றுள் தேவையற்றது எதுவுமில்லை. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே வேளையில் செய்யப் பணமும் இல்லை, ஆட்பலமும் இல்லை. எனவே முதலில் எதைச் செய்வது, அதை யார் செய்வது என்ற இரு வினாக்களோடுதான் திட்டமிடல் தொடங்குகின்றது. எம்மைப் போலவே இடம்பெயர்ந்தோர் பலர் வாழும் ஒரு நகர்ப்புறக் குடியிருப்பு இவ்வினாக்களுக்கு எப்படி விடை கண்டது என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

வளர்ந்த நகரம்

பாகிஸ்தானின் கராச்சி நகரில் 1941இல் ஏறத்தாழ நாலு இலட்சம் பேரே வாழ்ந்தனர். 1947இல் நாடு பிரிந்தபோது அகதிகள் வந்து குவிந்தனர். 1951இல் மக்கள் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. 1981இல் ஐம்பது இலட்சத்தையும் கடந்தது. நகரின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஒரங்கியில் பல இனத்தவர் குடியேறினர். 1971இல் வங்காளதேசம் பிரிந்தபின் அங்கிருந்து வந்த பிகாரி மக்களும் அவர்களுள் அடங்குவர்.

வீடுகளை மக்கள் தாமே கட்டினர். ஆனால் கழிவுநீர் வடிந்தோட வழியிருக்கவில்லை. ஒழுங்கைகளில் அது தேங்கி நின்றது. பிள்ளைகள் நோயுற்றனர், சுவர்கள் ஈரமேறிப் பழுதடைந்தன.

கேட்டறிந்த பின்பே தெரிவு

1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கு ஒரங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். இவர் முன்னர் கொமில்லாவில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தவர். அவர் கையில் ஆயத்தத் திட்டம் எதையும் கொண்டு செல்லவில்லை. மக்களோடு பேசினார். கழிவுநீர் வசதி, தொழில், சுகாதாரம், கல்வி ஆகிய நான்கும் முதன்மைப் பிரச்சினைகளாகத் தெரிந்தன. அன்றாடம் வாசற்படியில் நின்று துன்புறுத்திய கழிவுநீரே முதலாவதாகத் தெரிவாயிற்று. ஏனையவை கைவிடப்படவில்லை, பின்னர் ஒவ்வொன்றாகத் தொடங்கப்பட்டன. சிறு தொழில்களுக்கான கடன் வசதி 1987இல் ஆரம்பமாயிற்று.

தேவை தெரிந்தும் மக்கள் ஏன் செயற்படவில்லை? நான்கு தடைகள் இனங்காணப்பட்டன.

1. மனத்தடை: இது அரசு இலவசமாகச் செய்யவேண்டிய வேலை என்ற எண்ணம்.
2. பணத்தடை: வழமையான முறையில் செலவு மிக அதிகம்.
3. தொழில்நுட்பத்தடை: மட்டம் பார்க்கவும் குழாய் பதிக்கவும் தெரியாமை.
4. ஒற்றுமைத்தடை: கூடிச் செய்வதற்கான அமைப்பு இல்லாமை.

ஒழுங்கையே அலகு

இலட்சக்கணக்கான மக்களை ஒரே சங்கத்தில் சேர்ப்பது கடினம். ஆனால் ஓர் ஒழுங்கையிலுள்ள இருபது, முப்பது வீட்டார் ஒருவரையொருவர் அறிவர். ஆகவே ஒழுங்கையே அமைப்பின் அலகாயிற்று. வீட்டார் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தெரிந்தனர். அவர் பணத்தைச் சேர்த்தார். திட்ட அலுவலர்கள் நில அளவை, வரைபடம், செலவு மதிப்பீடு, கருவிகள், மேற்பார்வை ஆகியவற்றைக் கொடுத்தனர். கட்டுமானத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. எளிய வடிவமைப்பாலும், ஒப்பந்தகாரர் இல்லாமையாலும் செலவு குறைந்தது. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1,000 பாகிஸ்தான் ரூபா போதுமாயிருந்தது.

தொடக்கத்தில் தவறுகளும் நேர்ந்தன. கொங்கிறீற்றுக் கலவை சரியான அளவில் இல்லை. போதிய நாள் நீரூற்றிப் பதப்படுத்தவுமில்லை. தவறு ஆராயப்பட்டது. பின்னர் மக்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

யாருடைய வேலை எது?

இதுவே பாடத்தின் மையம். வேலைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. வீட்டு மலசலகூடம், ஒழுங்கைக் குழாய், பல ஒழுங்கைகளை இணைக்கும் சேகரிப்புக் குழாய் ஆகியன மக்களின் பங்கு. பெரிய பிரதான வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பங்கு. வாசல்வரை உள்ளதை மக்கள் செய்யலாம். நகர் முழுவதையும் தாங்கும் பெருவடிகாலை ஓர் ஒழுங்கை மக்கள் கட்டமுடியாது. அதைக் கட்டும்படி கேட்பது பிச்சையல்ல, உரிமை. தம் பங்கை முடித்தவர்கள் உறுதியோடு கேட்கலாம்.

வேலை ஒழுங்கை நிலத்தின் சரிவும் தீர்மானித்தது. இயற்கை ஓடைகளுக்கு அண்மையிலிருந்த ஒழுங்கைகளில் முதலில் வேலை நடந்தது. நீர் போய்ச்சேர இடமின்றி மேட்டில் குழாய் பதித்தால் பள்ளத்திலுள்ளவர் வீட்டுக்கே அது வெள்ளமாகும். அவ்வாறே, வடிகாலுக்கு முன் வீதி போட்டால் மறுபடி வீதியைக் கிண்டவேண்டும்.

காலப்போக்கில் 90,000க்கும் அதிகமான வீடுகள் இவ்விதம் வசதி பெற்றன. எனினும் அரசின் பங்கு பிந்தியது. கழிவுநீர் நெடுங்காலம் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகள் வழியாகக் கடலை அடைந்தது. குடியிருப்புகளை வரைபடமாக்கி, மக்களின் நில உரிமைக்குச் சான்று தேடிய திட்ட இயக்குநர் பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13இல் சுட்டுக்கொல்லப்பட்டார். வரைபடம் கூடச் சிலருக்கு அச்சமூட்டும் ஆயுதம் என்பதை அவரது மரணம் உணர்த்துகின்றது.

எமக்கு

ஒரங்கியின் குழாய்முறையை அப்படியே பின்பற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழிக் கழிவு கிணற்று நீரோடு இலகுவில் கலந்துவிடும். அங்கே கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே என்று முதலில் ஒன்றாகத் தீர்மானிப்பதே மேல். நாம் கற்கவேண்டியது முறையை: கேட்டறிதல், ஒன்றைத் தெரிதல், அலகைச் சிறிதாக்குதல், பங்கைப் பிரித்தல், நிலத்தின்படி ஒழுங்குபடுத்தல்.

கலந்துரையாடுவோம்

1. எமது குடியிருப்பின் தேவைகளை எழுதுங்கள். பெண்களும் பிள்ளைகளும் எதை முதலில் வைக்கின்றனர்? ஆண்களின் தெரிவு அதிலிருந்து வேறுபடுகின்றதா?
2. அவற்றுள் நாமே செய்யக்கூடியவை எவை? பிரதேச சபையிடம் கேட்கவேண்டியவை எவை?
3. நான்கு தடைகளுள் எம்மைத் தடுத்து நிற்பது எது?
4. மழைநீர் எங்கிருந்து எங்கே ஓடுகின்றது? அடுத்த கூட்டத்துக்கு முன் நடந்து பார்த்து, கைவரைபடம் ஒன்று வரைந்து வாருங்கள்.