குளிர்காலத்திற்கு முன் வீட்டுக் குளங்கள்

மேற்கு வங்கத்திலும் அசாமின் சமவெளிகளிலும் வீட்டை ஒட்டி ஒரு சிறு குளம் இருப்பது கிராம வாழ்வின் இயல்பான அமைப்பாகும். வீடு கட்ட மண் எடுத்த பள்ளமே பெரும்பாலும் குளமாகிறது. குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அதில்தான். குடும்பத்திற்கு வேண்டிய மீனும் அதிலிருந்தே கிடைக்கிறது. ஐந்து அல்லது பத்து சதக் குளம் எந்தக் கணக்கிலும் பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆயினும் ஏழைக் குடும்பத்தின் புரத உணவும் கைச்செலவுக்கான சிறு வருவாயும் அதையே சார்ந்துள்ளன.

இக்குளங்களுக்கு இடர் மிகுந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களாகும். மழைக்காலத்தில் வயல்நீர் குளத்தில் புகும்போது காட்டு மீன்களும் அவற்றுடன் நோய்க் கிருமிகளும் உட்புகுகின்றன. பின்னர் நீர்மட்டம் குறைகிறது; நீரின் காரத்தன்மையும் தாழ்கிறது. வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை நெருங்கும்போது மீனின் நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. புண்நோயை விளைவிக்கும் நீர்ப்பூஞ்சை அந்தக் குளிரிலேயே செழிக்கிறது. 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றிய இந்நோய் விரைவில் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. விரால், கெண்டை போன்ற மீன்கள் முதலில் தாக்குண்டன. புண்பட்ட மீனைக் கண்ட மக்கள் நல்ல மீனையும் வாங்க அஞ்சியதால், நோய் தீண்டாத குளத்தினரும் இழப்புக்கு உள்ளாயினர்.

தடுப்பு முறை எளியது. துர்க்கா பூஜை முடிந்து பனி விழத் தொடங்குவதற்கு முன், சதத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் சுண்ணாம்பு இடவேண்டும். பத்து சதக் குளம் என்பது சுமார் 400 சதுர மீட்டர். அதற்குப் பத்து கிலோ போதுமானது. இதனை இரண்டு தவணையாக இடுவது நலம். சுண்ணாம்பை முதல் நாளே நீரில் தாளித்து, நன்கு ஆறியபின், வெயில் உள்ள காலையில் குளம் முழுவதும் தெளிக்கவேண்டும். சூட்டோடு கொட்டினால் மீனுக்கும் கேடு, தெளிப்பவர் கைக்கும் கேடு. நீர் ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்ததாக இருப்பின் சுண்ணாம்பு தேவையில்லை. எனவே சோதித்தபின் இடுவதே முறை. புண்நோய்க்கென புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய 'சிஃபாக்ஸ்' என்னும் மருந்தும் உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்புக்கு ஒரு லிட்டர் என்பது அதன் அளவு.

மற்ற பணிகள் செலவற்றவை. கரையோர மூங்கில் கிளைகளைக் கழித்தால் வெயில் நீரில் படும். உதிர்ந்த இலைகளை அள்ளிவிட்டால் அடிச்சேற்றில் நச்சு வாயு சேர்வது குறையும். கயிற்றில் செங்கற்களைக் கட்டி அடிமட்டத்தில் மெல்ல இழுப்பது தேங்கிய வாயுவை வெளியேற்றும் பழைய வழக்கமாகும். மூடுபனி நாட்களில் சாணம் இடுதல் கூடாது. தவிடும் கடுகுப் பிண்ணாக்கும் பாதியாகக் குறைக்கப்பட்டு, நண்பகலில் மட்டும் இடப்படவேண்டும். குளிரில் செரிக்காத தீவனம் நீரில் அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். வளர்ந்த மீன்களை அக்ரஹாயண மாதத் திருமணங்களுக்கு விற்றுவிட்டால் நெரிசலும் குறையும், விலையும் கிடைக்கும்.

பத்து கிலோ சுண்ணாம்பின் விலை ஓரிரு கிலோ ரோகு மீனின் விலைக்குள் அடங்கும். அங்ஙனமிருந்தும் இப்பணி பல இடங்களில் நடைபெறாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. தந்தையின் குளம் நான்கு மகன்களின் பங்காகும்போது, சுண்ணாம்புச் செலவு ஒருவருடையதாகவும் மீன் அனைவருடையதாகவும் ஆகிவிடுகிறது. எனவே எவரும் முன்வருவதில்லை. 1970களில் தொடங்கிய மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமைகள் குளங்களைக் குத்தகைக்குப் பெற்றுத் தருவதிலும் பயிற்சி அளிப்பதிலும் நற்பணி ஆற்றின. ஆனால் பங்காளிகளின் பொதுக்குளம் குத்தகைக்கும் எளிதில் வருவதில்லை, கடனுக்கு ஈடாகவும் அமைவதில்லை. மேலும், மழைக்காலத்தில் குஞ்சு விடுவதற்குக் காட்டப்படும் ஆர்வம் ஐப்பசியில் காட்டப்படுவதில்லை. விட்ட குஞ்சில் எத்தனை தை மாதம் வரை பிழைத்தன என்று கேட்கும் படிவம் அரிது.

ஒரு குளத்தில் நோய் கண்டபின் பங்காளிகள் கூடிப் பேசிப் பயனில்லை. வலைஞர் ஒரே வலையுடன் குளத்துக்குக் குளம் செல்வர். ஈர வலையோடு நோயும் செல்லும். வலையை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே அடுத்த குளத்தில் இறக்கவேண்டும் என்ற விதியையும், சுண்ணாம்பை மொத்தமாக வாங்கிப் பங்குக்கேற்ப விலை பெறும் பொறுப்பையும் கிராமப் பஞ்சாயத்தோ மகளிர் சுய உதவிக் குழுவோ ஏற்கலாம். அக்டோபர் இரண்டாம் வாரத்திற்குள் சுண்ணாம்பு ஊருக்கு வந்து சேர்ந்திருக்கவேண்டும்.