வனவிலங்குகளின் சுவாச நோய்களைக் கண்டறிதல்

காட்டு விலங்கு தன் நோயைக் கூடியவரை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. தளர்ந்தது எதுவோ அதுவே முதலில் இரையாகும். ஆகவே இருமலும் மூச்சுத்திணறலும் வெளிப்படையாகத் தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

மேலும், அறிகுறி ஒன்றாயினும் காரணம் பலவாகலாம். குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் ஆஸ்திரேலிய விலங்காகிய கோவாலாவின் மூக்கில் சளி வடியுமாயின், அது பார்டெடெல்லா என்னும் பாக்டீரியாவால் விளைந்திருக்கலாம். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையாலும் விளைந்திருக்கலாம். முன்னதற்குரிய மருந்து பின்னதை அழிக்காது. எனவே, கண்ணால் கண்டதை ஆய்வகம் உறுதிசெய்தல் அவசியமாகும்.

புனேயில் 1952ஆம் ஆண்டில் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கப்பெற்ற நிறுவனமே இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். 2020 ஜனவரி 30ஆம் நாள் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியின் தொற்று இங்கேதான் உறுதிசெய்யப்பட்டது. தொண்டையிலும் மூக்கிலும் எடுத்த கசிவில் வைரஸின் மரபுப்பொருள் சிறிதளவு இருப்பினும், அதைப் பன்மடங்காகப் பெருக்கி அடையாளம் காண்பதே அச்சோதனையின் தத்துவம். விலங்குகளுக்கும் இம்முறை பொருந்தும்.

இதற்குச் சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சான்றாகும். 2021 மே 26ஆம் நாள் அங்கு ஐந்து சிங்கங்கள் உணவில் நாட்டமின்றி அவ்வப்போது இருமின. 11 சிங்கங்களின் மாதிரிகள் போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டன. ஒன்பதில் தொற்று காணப்பட்டது. நீலா என்னும் ஒன்பது வயதுப் பெண்சிங்கம் ஜூன் 3ஆம் நாள் இறந்தது. முந்தின நாள் மூக்கில் நீர் வடிந்ததன்றி அது வேறு அறிகுறி காட்டவில்லை. ஜூன் 16ஆம் நாள் 12 வயது ஆண்சிங்கம் ஒன்றும் இறந்தது. நான்கு சிங்கங்களின் மாதிரிகளை மேலும் ஆராய்ந்ததில், அப்போது மக்களிடையே பரவிவந்த டெல்டா வகையே அவற்றிலும் இருந்தது தெரிந்தது.

கள ஊழியர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. விலங்கு உண்ட அளவையும், ஓய்வில் நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சுவிடுகிறது என்பதையும் நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். பிடிக்க முற்பட்டால் மூச்சு விரையும். மயக்க மருந்து அதனை மாற்றிவிடும். ஆதலால் தொலைவிலிருந்தே எண்ணுதல் வேண்டும்.

2. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கொடுக்குமுன், மருத்துவரைக் கொண்டு மாதிரி எடுக்க வேண்டும். வைரஸ் சோதனைக்குரியதை அதற்கான திரவத்தில் இட்டு, விலங்கின் பெயரும் நாளும் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

3. இருமும் விலங்கோடு நில்லாமல், உடன் வாழ்பவற்றையும் சோதிக்க வேண்டும். ஒருமுறை தொற்றில்லை என வந்த முடிவு நோயின்மைக்கு உறுதியாகாது.

4. முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். நோய் இருபுறமும் செல்லக்கூடியது.

ஆசிரியர்கள் இதனை எளிய பயிற்சியால் விளக்கலாம். படுத்திருக்கும் ஆட்டின் விலாப்புறம் ஏறி இறங்குவதை மாணவர் தொலைவிலிருந்து ஒரு நிமிடம் எண்ணட்டும். பிறகு அருகே சென்று மீண்டும் எண்ணட்டும். இரு எண்களுக்கும் உள்ள வேறுபாடு, அமைதியாக நோக்குதல் ஏன் நோய் நிர்ணயத்தின் முதற்படி என்பதை உணர்த்தும்.