பூவில் இல்லாத நீலம்

நண்பர்களே, கவிதைக்கும் ஜோக்குக்கும் நடுவே இது என்ன எண்ணெய் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் லேபில் செய்கிற காய்ச்சி வடித்தல்தான் விஷயம். கெமிக்கல் பிரிவுக்காரனான எனக்கு அந்தப் பாடத்தில் ருசி தட்டியதே இந்தப் பூவால்தான்.

சாமந்தி, சூரியகாந்தி, மாலையில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து, சுவரோரம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் எல்லாம் ஆஸ்டரேசி என்ற ஒரே குடும்பம். மரிக்கொழுந்து எண்ணெய் பெரும்பாலும் வாசனைத் தொழிலுக்குப் போய்விடுகிறது. மருந்து என்று பார்த்தால் முதலில் நிற்பது சீமைச்சாமந்தி. எகிப்திலும் ஹங்கேரியிலும் நிறைய பயிராகிறது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். ஆனால் நீராவியில் வடித்தால் இறங்கும் எண்ணெயோ மை போல நீலம்!

பூவில் நீலமே கிடையாதே, எங்கிருந்து வந்தது? பூவில் இருப்பது மேட்ரிசின் என்ற நிறமற்ற பொருள். நீராவிச் சூட்டில் அது உடைந்து, கரியமில வாயுவையும் விட்டுவிட்டு, கேமாசுலீன் ஆகிறது. 14 கார்பன், 16 ஹைட்ரஜன், அவ்வளவுதான். நைட்ரஜன் இல்லை, உலோகம் இல்லை, ஆனாலும் நீலம்! அதாவது நம் வடிகலன் மருந்தைப் பிரித்து மட்டும் எடுக்கவில்லை, தயாரித்தே கொடுக்கிறது.

இன்னொரு சந்தேகம் வரும். கேமாசுலீன் தனியாகக் கொதிக்க 100 டிகிரி போதவே போதாது. பிறகு எப்படி வடிகிறது? ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் சேர்ந்து சூடானால் இரண்டின் ஆவி அழுத்தமும் கூடிக்கொள்ளும். கூட்டுத்தொகை வெளியழுத்தத்தை எட்டினால் போதும், 100-க்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். பரீட்சையில் அடிக்கடி கேட்கிற கேள்வி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமாசுலீனும் கூடவே வரும் பிசபோலாலும் வீக்கத்தையும் எரிச்சலையும் தணிப்பவை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஐரோப்பாவில் தோல் களிம்பிலும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் சீமைச்சாமந்தியைச் சேர்க்கிறார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ரெண்டு சொட்டில் சகல நோயும் ஓடிப்போகும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு.

சூடு மருந்தை உண்டாக்கிய கதை இது. அதே குடும்பத்தில் சூடு மருந்தைக் கெடுத்த கதையும் உண்டு. சீனாவில் சிங்ஹாவ் என்றொரு செடி, மரிக்கொழுந்துக்கு நெருங்கிய உறவு. மலேரியாவுக்கு மருந்து தேடிய டூ யூயூ அதன் சாற்றைச் சோதித்தபோது ஒருநேரம் பலித்தது, ஒருநேரம் பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹாங்கின் குறிப்பில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அட, சூடுதான் கெடுக்கிறதோ! சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரை எடுத்தார். 1971-ல் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முழுக்கத் தீர்த்தது. 1972-ல் ஆர்ட்டிமிசினின் பிரித்தெடுக்கப்பட்டது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு.

இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆர்ட்டிமிசினின் ஆவியாகி வராது. ஆகவே அந்தச் செடியின் வடித்த எண்ணெயில் கற்பூர வாசனை இருக்கும், மலேரியா மருந்து இருக்காது. செடியின் கஷாயத்தையும் பொடியையும்கூட மலேரியாவுக்கு நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்தது. ஹாஸ்டலில் யாருக்காவது குளிர்காய்ச்சல் கண்டால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள், எண்ணெய் பாட்டிலைத் தேடாதீர்கள்.

பார்த்தீனியம் பட்டால் அரிப்பெடுக்கும் உடம்புக்காரர்களுக்குச் சீமைச்சாமந்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஒரே குடும்பம் அல்லவா! மற்றவர்களும் எண்ணெயை அப்படியே பூசாமல், ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் ரெண்டு சொட்டு விட்டு, முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்தவும். பாட்டில் கறுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அந்த நீலம் முதலில் பச்சையாகும், பிறகு பழுப்பாகிவிடும்.