கணக்கு உதைக்கிறதா? கணினியில் எண் எழுதச் சில குறிப்புகள்

1. எக்செல்லில் மளிகைக் கணக்கு போட்டுக் கூட்டுத்தொகை உதைத்தால், கட்டத்துக்குள் எண் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். வலப்பக்கம் என்றால் எண். நீங்களாக மாற்றி வைக்காமலே இடப்பக்கம் நின்றால், எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும்.

2. இடப்பக்கம் ஒதுங்கும் ஆசாமி பல நேரம் ½ தான். வேர்டில் 1/2 என்று அடித்தாலே தானாக ½ ஆகிவிடும், அங்கிருந்து ஒட்டியிருப்பீர்கள். 'தேடி மாற்று' வசதியில் ½ இருக்கும் இடமெல்லாம் .5 என்று மாற்றுங்கள். 1½ என்பது 1.5 ஆகும். நடுவில் இடைவெளி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். எக்செல்லிலேயே அரை அடிக்க, 0 போட்டு ஓர் இடம் விட்டு 1/2 என்று அடிக்க வேண்டும். வெறும் 1/2 தேதியாகிவிடும்!

3. அழைப்பிதழில் தமிழ் எண் போடுபவர்கள் கவனிக்க: ௧ வேறு, க வேறு. யூனிகோட் பட்டியலில் ஒன்றாம் இலக்கத்துக்கு 3047, க எழுத்துக்கு 2965. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடினால் ஒன்றுக்கு இன்னொன்று அகப்படாது. ௭–எ, ௮–அ, ௨–உ ஜோடிகளும் அப்படியே. விசைப்பலகையில் எண்ணுக்குரிய விசையைத் தேடிப் பிடித்து அடியுங்கள், சோம்பல் வேண்டாம்.

பழைய முறையில் பன்னிரண்டு ௰௨; இன்றைய முறையில் ௧௨. பழைய முறைக்குப் பூஜ்யம் தேவைப்படவில்லை. தமிழ்ப் பூஜ்யம் (௦) யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். ௧ முதல் ௯ வரை 'பதின்ம இலக்கம்' என்ற வகுப்பு. பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ மூன்றும் ½, ² ஆகியவற்றோடு 'பிற எண்' வகுப்பு. ஆண்டைக் கணினி படிக்க வேண்டுமானால் ௨௦௨௫ என்றே எழுதுங்கள்.

4. முந்திரி (1/320), காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடுக்கு வந்தன. எழுத்துரு இல்லாத போனில் கட்டம் கட்டமாகத் தெரியும். படமாக அனுப்புவதே நல்லது.

5. பரப்பளவுக்கு அடி² என்று எழுதாமல் 'சதுர அடி' என்றே எழுதுங்கள். சில மென்பொருள்கள் சிறப்புக் குறிகளைச் சாதாரண எண்ணாக்கிச் சேமிக்கும். அப்போது 5² என்பது 52 ஆகிவிடும். இருபத்தைந்து எங்கே, ஐம்பத்திரண்டு எங்கே!

6. விளம்பரத்தில் போன் நம்பரை ①② என்று வட்டமிட்ட எண்களில் அலங்கரிக்காதீர்கள். அழகாகத்தான் இருக்கும், யாராலும் தேடி எடுக்க முடியாமல் போகலாம்.

7. வீட்டில் பைத்தான் படிக்கும் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லுங்கள்: எண்ணா என்று சோதிக்கும் இஸ்டெசிமல், இஸ்டிஜிட், இஸ்நியூமரிக் மூன்றும் ஒன்றல்ல. ௧ மூன்றிலும் தேறும். ² முதலாவதில் தோற்கும். ½, ௰ இரண்டும் கடைசியில் மட்டுமே தேறும். கணக்கிட வேண்டிய எண்ணை இஸ்டெசிமலில் சோதிப்பதே பத்திரம். எழுத்தை எண்ணாக்கும் இன்ட்டிடம் ௧௨ கொடுத்தால் 12 என்று தரும். ௰௨ கொடுத்தால் பிழை காட்டும்.