இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளும் மருந்தின் பக்கவிளைவுகளும்

இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்காக 1984-இல் வகுக்கப்பெற்ற எம்.சி.பி. 841 என்னும் மருந்து முறை, மும்பையிலும் சென்னையிலும், டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் கையாளப்பெற்றது. நோயினின்று மீண்டோர் பலர். ஆயினும் சிகிச்சைக் காலத்தில் பற்றிய கிருமிகளால் மாண்ட குழந்தைகளும் உண்டு. காரணம் யாது?

இத்தகைய மருந்துகளுட் பல, விரைந்து பிரியும் உயிரணுக்களை அழிப்பன. நோயணு இது, நல்லணு இது என்று அவை பகுத்தறிவதில்லை. ஆகவே மயிர்க்கால்கள் தாக்கப்பட்டு முடி உதிர்கிறது. மெதோட்ரெக்சேட்டினால் வாய் புண்ணாகிறது. நித்தியகல்யாணிச் செடியினின்று எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் நரம்புகளைத் தாக்கி, மலச்சிக்கலையும் கால் தளர்ச்சியையும் விளைவிக்கும். இவற்றுட் பெரும்பாலானவை நாளடைவில் நீங்குவன.

எலும்பு மஜ்ஜை தாக்கப்படுவதே பேராபத்து. கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்குக் குறையுமாயின், சீழோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றா. காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக நிற்கும். ஆதலின் உடல் வெப்பம் 38 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால், வீட்டிலேயே மாத்திரை தந்து விடியும்வரை காத்திருத்தல் தகாது. மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து இரத்தக் குழாய் வழியே செலுத்தப்பெறல் வேண்டும். இத்தகைய குழந்தையுள்ள இல்லத்தில் வெப்பமானி ஒன்று எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் இன்றியமையாதது.