டார்ச் விளக்கில் ஒரு ஒளியியல் பாடம்

அரூர் வட்டம் சித்தேரி மலை போன்ற பகுதிகளில் இருட்டில் நடக்கும் பிள்ளைகளின் கையில் சின்ன எல்.இ.டி. டார்ச் ஒன்று இருக்கும். "எது நல்ல டார்ச்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். "தூரமா அடிக்கிறதுதான் சார்!" என்றார்கள்.

சன்னல்களைச் சாத்திவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி நின்று சுவரில் இரண்டு டார்ச்சுகளை அடித்துப் பார்த்தோம். ஒன்றில் பரவளைய ஆடி. மற்றதில் இழுத்துத் தள்ளும் குவிலென்சு. லென்சை முன்னால் இழுத்ததும் சுவரில் வட்டத்துக்குப் பதில் சதுரம் விழுந்தது. "சார், கட்டம்!" அது எல்.இ.டி. சில்லின் மெய்பிம்பம். சில்லு குவியத்துக்குச் சற்று வெளியே இருப்பதால், பிம்பம் தொலைவில் பெரிதாக விழுகிறது. குவிலென்சுப் பாடத்தை இவ்வளவு எளிதாக நான் நடத்தியதேயில்லை.

ஆனால் சதுரத்துக்கு வெளியே கும்மிருட்டு. பக்கவாட்டில் போகும் ஒளி லென்சைச் சேராமல் குழாயின் உட்சுவரில் பட்டு வீணாகிறது. ஆடி உள்ள டார்ச்சிலோ பளிச்சென்ற நடுவட்டம், சுற்றிலும் மங்கலான பெரிய வட்டம். ஆடியில் படாமல் நேரே வரும் ஒளி அது. பாம்பு கிடப்பது காலடியில்தானே? நடப்பவருக்கு அந்த மங்கல் வட்டம்தான் துணை.

பெட்டியில் போட்டிருக்கும் லூமென் மொத்த ஒளியைக் குறிக்கும். ஒரு திசையில் எவ்வளவு செறிவு என்பதைச் சொல்வது கேண்டெலா. அது நான்கு மடங்கானால்தான் எட்டும் தூரம் இரு மடங்காகும்.

கண்ணில் அடிக்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நான் இரண்டாம் நாள்தான் சொன்னேன்.

லென்சை உள்ளே தள்ளினால் கட்டம் ஏன் மறைகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். சில்லு குவியத்துக்கும் லென்சுக்கும் இடையில் வந்துவிடுகிறது. சுவரில் பிம்பம் விழாது. கதிர்ப்படத்தை அவளே கரும்பலகையில் வரைந்து காட்டினாள்.